வேனுக்குள் பேச்சுக் கேட்கட்டும்!



நம்மில் பலருக்குச் சொந்த வேன் இல்லாமல் இருக்கலாம். ஆனால், டீசல் வேனில் ஏறாத குடும்பம் ஒன்று உண்டா? நிக்காஹ் வீட்டுக்குப் போவதும் வேனில்தான். நோயாளியை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு விரைவதும் வேனில்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவதும், சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போவதும் அதே வேன்தான். இப்படி நம் வாழ்வோடு ஒட்டிப்போன அந்த வண்டிக்குள் நாம் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்கிறதா என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

"பழைய டீசல் வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. டீசல் இன்ஜினுக்கென்று ஓர் இயற்கையான ஓசை உண்டு; அதை எவராலும் முற்றாக நீக்க இயலாது. ஆனால், பழைய வேனுக்குள் நம் காதைத் துளைக்கும் இரைச்சலில் கணிசமான பகுதி இன்ஜினின் இயற்கை அன்று. தேய்ந்த ரப்பரும், கழன்ற திருகும், மூடப்படாத துளையும் சேர்ந்து உண்டாக்குவது அது. அதை நம் ஊர்ப் பட்டறையிலேயே குறைக்கலாம். குறைத்தே ஆக வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாப்பாவின் இடக்காது

நான் கடையத்துக்காரன். மகாகவி பாரதியார் 1918ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை வாழ்ந்த ஊர், அவர் துணைவியார் செல்லம்மாளின் பிறந்த ஊர் என்றால் வெளியூர் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு பக்கம் தென்காசியும் குற்றாலமும். மறு பக்கம் பொட்டல்புதூரும் ஆழ்வார்குறிச்சியும். வேன் ஓட்டிப் பிழைப்போருக்கு இது நல்ல இடம். சீசனில் அருவிக்கு வருவோர், பொட்டல்புதூர் தர்காவுக்கு வருவோர், கல்யாண வீட்டார் என்று வண்டிக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டு வண்டி 1994ஆம் ஆண்டு மாடல் மெட்டடோர். இன்றைய இளைஞர்கள் சிலர் அந்தப் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். ஜெர்மனி நாட்டின் ஹனோமாக் வேனின் அமைப்பைத் தழுவிப் பூனாவின் பஜாஜ் டெம்போ நிறுவனம் செய்த வண்டி அது. அந்த நிறுவனமே 2005ஆம் ஆண்டில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. மெர்சிடிஸ் பென்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்த, சுமார் 2.4 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் அதில் இருந்தது. உழைப்பில் அதற்கு நிகர் அதுவே. ஆனால், இன்ஜின் இருக்கும் இடம் எது தெரியுமா? ஓட்டுநருக்கும் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே! ஓட்டுநர்கள் 'பானட்' என்று சொல்லும் அந்த மூடி ஒன்றுதான் இன்ஜினுக்கும் மனிதர்களுக்கும் இடையில் உள்ள சுவர்.

வாப்பா அந்த வண்டியை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்கள். நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருப்பதால் இன்ஜின் எப்போதும் அவர்களுடைய இடக்காதுப் பக்கத்திலேயே இருந்தது. ஓட்டுவதை நிறுத்தி வீட்டில் அமர்ந்த பிறகுதான் ஒன்று தெரியவந்தது. வாப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் "சாவி" என்றால் "காவி"யா என்பார்கள். கடைத்தெருவில் சலாம் சொல்லிப் பதில் கிடைக்காத சிலர், அதைப் பெருமை என்றுகூட எண்ணிக்கொண்டார்கள். காது மருத்துவர் சோதித்துப் பார்த்து, உச்ச சுருதி ஓசைகள் இரு காதிலும் மங்கிவிட்டன, இடக்காதில் அதிகம் என்றார்.

நம் உட்செவியில், ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மெல்லிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஓசையை மூளைக்கு எடுத்துச் செல்பவை அவைதாம். இடைவிடாத இரைச்சலில் அவை சிறிது சிறிதாக மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. சுருதி உயர்ந்த ஓசைகளை ஏற்கும் செல்களே முதலில் பழுதாகின்றன. அதனால்தான் 'ச', 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் மறைந்துவிடுகின்றன. ஓசை கேட்டும் சொல் விளங்காமல் போவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் ஓசையில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஓசை 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம். 91 டெசிபலுக்கு 2 மணி நேரம். இதை அளக்கக் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கை நீளத் தொலைவில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேசினால்தான் விளங்குகிறது என்றால், அந்த இடத்தின் ஓசை ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். உங்கள் வேனில் இதைச் சோதித்துப் பாருங்கள். குற்றாலத்துக்கு ஒருமுறை போய் வரும் பயணிக்கு அது இரண்டு மணி நேரத் தொல்லை. சீசன் முழுவதும் காலை முதல் இரவு வரை ஓட்டும் ஓட்டுநருக்கோ, அது வாழ்நாள் இழப்பு!

ஓசை பிறக்கும் இடம்

டீசல் இன்ஜின் ஏன் 'கடகட'வென்று அடிக்கிறது? பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி நெருப்பு மூட்டுகிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறி இல்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. எண்ணெய் பீய்ச்சப்பட்ட அக்கணமே அது பற்றுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய ஒரு தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட எண்ணெய் ஒருசேரப் பற்றும்போது அழுத்தம் திடீரென எகிறுகிறது. சுத்தியலால் இரும்பைத் தட்டியது போன்ற ஓசை அதனால் எழுகிறது. 1997இல் கார்களில் வரத் தொடங்கிய 'காமன் ரெயில்' முறையில், முதலில் துளி எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு, பிறகு மீதியைப் பீய்ச்ச முடிகிறது. இக்கால டீசல் வண்டிகள் அடக்கமாக ஓடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நம்முடைய பழைய வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் இருப்பதைச் சரியாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நாசில் தேய்ந்து, எண்ணெயைப் புகையாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டால் தட்டும் ஓசை கூடும். பம்பின் டைமிங் முந்திப்போனாலும் கூடும். டேப்பட் இடைவெளி அதிகமானால் மேலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும். ஆகவே, குஷன் கடைக்குப் போவதற்கு முன்னால் பம்ப் பட்டறைக்குப் போங்கள். நாசில், டைமிங், டேப்பட் ஆகிய மூன்றையும் சரிபார்த்துவிட்டால் ஓசையோடு கரும்புகையும் குறையும், டீசலும் மிச்சமாகும்.

அடுத்தது இன்ஜின் மவுண்டிங். இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் அந்த ரப்பர் துண்டுகள் வெயிலிலும் எண்ணெயிலும் ஊறிக் கல்லாகிப் போகும். அல்லது பிளந்து, இரும்போடு இரும்பு உரசும். வண்டி நிற்கும்போது கண்ணாடியும் கதவும் ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்குகின்றனவா? முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது விநாடிக்கு 100 முறை எரிப்பு நிகழ்கிறது. அந்த 100 அதிர்வுகளும் ரப்பரில் அடங்கவில்லையென்றால், கூரைத் தகடு முதல் தரைத் தகடு வரை வண்டியே ஒரு தவில் ஆகிவிடும். அந்த 'உம்' என்ற கனத்த முழக்கத்தை எந்தப் பஞ்சாலும் தடுக்க இயலாது.

விளக்குச் சோதனை

இன்ஜினைச் சீராக்கிய பிறகு, ஓசை உள்ளே வரும் வழியைத் தேட வேண்டும். பலரும் செய்வது என்ன? நேரே கடைக்குப் போய்த் தடித்த ஃபோமும் ரெக்சினும் வாங்கி வண்டி முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். இரைச்சல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். "பணம் போனதுதான் மிச்சம்" என்று அலுத்துக்கொள்வார்கள்.

இதன் சூட்சுமம் எளியது. ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும், அந்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் ஓசையைத் தடுக்காது. குடத்தில் ஓட்டை இருக்கும்போது குடத்தின் கனத்தைக் கூட்டி என்ன பயன்?

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரவில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பானட்டுக்குக் கீழே ஓர் எல்.இ.டி. விளக்கை எரியவிடுங்கள். மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டு, உள்விளக்குகளை அணைத்து, இருட்டில் அமர்ந்து பாருங்கள். மூடியின் விளிம்பிலும், கிளச் பெடலுக்குக் கீழேயும், வயர்கள் நுழையும் துளைகளிலும், கியர் கம்பியைச் சுற்றியும் ஒளிக்கீற்றுகள் தெரியும். ஒளி வரும் வழியெல்லாம் ஓசை வரும் வழி. எங்கள் வண்டியில் பானட்டின் இடது விளிம்பு நெடுக ஒரு கோடு போல வெளிச்சம் தெரிந்தது. ரப்பர் பீடிங் இருந்த இடத்தில் அதன் தடம் மட்டுமே மீந்திருந்தது.

இங்கே ஓசையைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓசை வரும் வழிதான் புகை வரும் வழியும்! மேனிஃபோல்ட் பேக்கிங் பிளந்திருந்தால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 'டப் டப்' என்று ஊதும் ஓசை கேட்கும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். அந்தப் புகை சைலன்சர் வழியே பின்னால் போகாமல், பானட் இடுக்கு வழியே நம் மூக்குக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2012ஆம் ஆண்டு சேர்த்துவிட்டது. வேனில் ஏறியதும் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது, தலை வலிக்கிறது என்றால் மலைப்பாதையின் வளைவுகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். பேக்கிங்கையும் சைலன்சர் இணைப்புகளையும் சோதித்துப் பாருங்கள். புகைக் கசிவை நிறுத்தாமல் ஓசைக்கு மட்டும் மருந்து தேடுவது கூடாது.

அடைப்பதும் அடக்குவதும்

துளைகளை அடைத்த பிறகுதான் மற்றவை. வயர் நுழையும் இடங்களுக்கு ரப்பர் வளையம் போடலாம். பானட்டின் விளிம்பு முழுவதற்கும் புதிய பீடிங் ஒட்டி, அதை அழுத்திப் பிடிக்கும் கொக்கிகளையும் இறுக்கமாக்க வேண்டும். கொக்கி தளர்ந்தால் புதுப் பீடிங்கும் வீண்.

பிறகு தகடுகள். கதவையும் தரையையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று நீண்டு ஒலித்தால் அந்தத் தகடு அதிர்கிறது. அதன் நடுப்பகுதியில் தார் ஷீட் அல்லது அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினால், 'டொக்' என்று அடங்கிவிடும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. பாதிப் பரப்பே போதும். தார் ஷீட்டை இன்ஜின் சூடு படும் இடத்தில் மட்டும் ஒட்டக் கூடாது, உருகி வழியும்.

மூன்றாவதாக, பானட். ஓசையைத் தடுப்பது கனம். ஒரு தடுப்பின் கனத்தை இரட்டித்தால், அது தடுக்கும் ஓசை சுமார் 6 டெசிபல் கூடும். மெல்லிய பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியாக நெய்யப்பட்டதாயினும் ஓசைக்குத் தடையாகாது. கனமான ரப்பர் விரிப்பு ஆகும். ஆகவே, மூடியின் மேற்புறம் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் கனமான ரப்பர் விரிப்பு என்று இரண்டடுக்காகப் போடச் சொன்னேன். மூடியின் அடிப்புறத்தில், அதாவது இன்ஜினைப் பார்த்த பக்கத்தில், தீப்பற்றாத கண்ணாடிப் பஞ்சின் மேல் அலுமினியத் தாள் போர்த்தி, ஒட்டோடு திருகும் போட்டுப் பொருத்தினோம். வெறும் பசையை நம்பினால் சூட்டில் கழன்று ஃபேன் மேல் விழும்.

இந்த இடத்தில் மூன்று எச்சரிக்கைகள். சாக்கு, பழைய ஜமுக்காளம், சாதாரண ஃபோம் போன்றவற்றை இன்ஜின் பக்கம் ஒருபோதும் வைக்காதீர்கள். டீசலும் ஆயிலும் தெறித்து ஊறினால், ஒரு பொறி போதும். இரண்டாவது, காற்று வரும் வழிகளை அடைக்காதீர்கள், இன்ஜின் கொதித்துவிடும். மூன்றாவது நம் பகுதிக்கே உரியது. அருவியில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு வண்டியில் ஏறுவார்கள். தரையில் தண்ணீரை உறிஞ்சும் ஃபெல்ட்டை விரித்தால், மேலே காய்ந்தது போலிருக்கும். அடியில் ஈரம் தங்கித் தகட்டைத் தின்றுவிடும். தரைக்கு நீர் உறிஞ்சாத ரப்பர் ஃபோமே ஏற்றது. சீசன் முடிந்ததும் விரிப்பைத் தூக்கி ஒருநாள் வெயில் காட்டுவது நல்லது.

இத்தனையும் செய்யும்போது பாதி வேலையில் மனம் சோர்ந்துவிடக் கூடாது. ஒரே அளவு ஓசையுள்ள இரண்டு வழிகளில் ஒன்றை முழுவதும் அடைத்தாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. இரண்டாவதையும் அடைக்கும்போதுதான் மாற்றம் புலப்படும். எங்கள் வண்டியிலும் மவுண்டிங் மாற்றியபோது நடுக்கம் நின்றது, பேச்சு விளங்கவில்லை. பீடிங்கும் பானட் விரிப்பும் சேர்ந்த பிறகே பேச்சு விளங்கியது.

இன்னொன்றையும் ஓட்டுநர்கள் மறக்கக் கூடாது. வண்டியை முழு ஊமையாக்குவது நம் நோக்கம் அன்று. செங்கோட்டை கடந்து ஆரியங்காவு வழியே மலையேறும்போது, வளைவுக்கு அப்பால் வரும் லாரியின் ஹாரன் நமக்குக் கேட்டாக வேண்டும். பிரேக் உரசும் ஓசையும், இன்ஜினில் புதிதாக எழும் தட்டலும் நமக்கு எச்சரிக்கைகள். வீண் இரைச்சல் குறைந்தால் இவை மறையா. முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும்.

யாருக்காக?

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கக் கூடாதா என்றும் கேட்கலாம். வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். வேன் ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களுக்கு அது எளிதன்று.

எங்கள் உம்மாவுக்கு மெல்லிய குரல். சிகிச்சைக்காக மாதந்தோறும் திருநெல்வேலிக்கு அழைத்துப் போகிறேன். முன்பெல்லாம் நடு இருக்கையில் அமர்ந்து பேசாமலே வருவார்கள். பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள் போலும். மூச்சு வாங்கினாலும், தாகமெடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் என் தோளைத் தட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இப்பொழுது உம்மா "வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்றால், முன்னால் இருக்கும் எனக்குக் கேட்கிறது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதைவிடப் பெரிய வசதி வேறென்ன வேண்டும்?

வாப்பாவின் காதுக்கு இந்த வேலையால் பயனில்லை. போன செவி போனதுதான். ஆனால், இன்று ஸ்டியரிங் பிடிக்கும் இளைஞர்களின் காது இன்னும் நலமாக இருக்கிறது.

ஆகவே வாசகர்களே! உங்கள் வீட்டில் வேன் இருந்தால், இந்த மாதமே ஓர் இரவு விளக்கை வைத்துப் பாருங்கள். வேன் இல்லையென்றால், உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வேனில் ஒருநாள் ஏறி, பக்கத்து இருக்கைக்காரரோடு சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். விளங்கவில்லையென்றால் ஓட்டுநரிடம் கனிவாக எடுத்துச் சொல்லுங்கள். உரிமையாளராக இருந்தால் அடுத்த டயர் செலவோடு ஒரு பீடிங் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் காது வாடகைக் கணக்கில் வராத சொத்து. தேய்ந்துவிட்டால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.